12 டாலரில் 3 டாலர் கொடுப்பவர்கள்

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மாணவர்கள் வேலை செய்த நேரத்தைப் பதிவு செய்யும் டைம்ஷீட்டுகளைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பக் கடைசி ஒரு மணி நேரம் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி என்ற அரசு உதவித் திட்டத்தில் வேலை செய்யும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் டைம்ஷீட்டில் செவ்வாய் 10 முதல் 12, வியாழன் 10 முதல் 12 என்று இருந்தது. அவளுடைய வகுப்பு அட்டவணையைத் திறந்தேன். அதே இரண்டு நாளும் 10.30க்கு வேதியியல் வகுப்பு. மேற்பார்வையாளரோ ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார்.

அழைத்துக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பைத் தவறவிடவில்லை. வேலை செய்யாமல் மணிக்கணக்கை எழுதவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துறை நடத்திய விழாவில் நான்கு மணி நேரம் நாற்காலி அடுக்கி, வந்தவர்களின் பெயர் எழுதியிருக்கிறாள். "ஞாயிறு என்று போட்டால் கேள்வி வரும், செவ்வாயிலும் வியாழனிலும் இரண்டிரண்டு மணியாகப் போட்டுவிடு" என்று சொன்னது அந்த மேற்பார்வையாளர். நேரப் பதிவைத் திருத்தி, உண்மையான நாளில் எழுதி, அவளுக்குச் சேர வேண்டிய 48 டாலர் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும், தான் திருடிவிட்டதாக நினைப்பார்களோ என்ற பயத்திலேயே அந்தப் பெண் இருந்தாள். சொல்லிக்கொடுத்தவர் நிம்மதியாக இருந்தார். என் கோபம் அதில்தான் தொடங்கியது.

ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி என்பது 1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தில் பிறந்த திட்டம். வசதியில்லாத மாணவர் வேலை செய்து படிக்க மத்திய அரசு பணம் தருகிறது. படிப்பு முதலில், வேலை பிறகு. அதனால்தான் வகுப்பு நேரத்தில் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. வகுப்பு ரத்தானால் செய்யலாம், ஆனால் அதற்கு எழுத்தில் சான்று வேண்டும். மாணவர் இத்தனை மணி வேலை செய்தார் என்று கையெழுத்திடுவதும் மேற்பார்வையாளரின் கடமை. அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் போட்டால், அரசுப் பணத்துக்குப் பொய்ச் சாட்சி சொன்னதாகத்தான் நான் கருதுவேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பணக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 12 டாலர் சம்பளம் என்றால், பொதுவாக அதில் 75 சதவீதம் வரை, அதாவது 9 டாலர், அரசுப் பணம். மீதி 3 டாலர்தான் பல்கலைக்கழகத்தின் பங்கு. 3 டாலருக்கு ஓர் ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த ஆளுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு மாணவிக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 208 மணி நேரம். இரண்டு பருவம், முப்பது வாரம் என்றால் வாரத்துக்கு ஏழு மணி நேரம் கூட முழுதாக வராது. முதல் பருவத்தில் வாரம் 12 மணி நேரம் வேலை வாங்கினால், இரண்டாம் பருவத்தின் மூன்றாவது வாரத்தில் பணம் தீர்ந்துவிடும். கணக்குப் பார்க்க வேண்டியவர் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் திடீரென்று "உன் பணம் முடிந்தது" என்கிறார்கள். அந்தப் பணத்தை நம்பி வாடகைக்குக் கையெழுத்திட்ட பிள்ளை என்ன செய்யும்?

இதைவிடக் கொடுமை ஒன்றைப் பார்த்தேன். ஒதுக்கீடு முடிந்த ஒரு பையனை, "பருவம் முடியும் வரை தன்னார்வலராக வா, நல்ல பரிந்துரைக் கடிதம் தருகிறேன்" என்று கேட்டிருக்கிறார்கள். அவனும் ஐந்து வாரம் அதே மேசையில், அதே வேலையைச் செய்திருக்கிறான். சம்பளத்துக்கு வைத்த மாணவரிடம் அதே வேலையை இலவசமாக வாங்குவதைத் தொழிலாளர் சட்டம் அனுமதிப்பதில்லை. செய்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் துறை தன் சொந்தப் பணத்திலிருந்து முழு 12 டாலரையும் கொடுக்கட்டும். முடியாவிட்டால் அந்த மேசை காலியாக இருக்கட்டும். நிரந்தர ஊழியர் ஒருவரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒர்க்-ஸ்டடி மாணவரை உட்கார வைக்கக் கூடாது என்பதும் இதே திட்டத்தின் விதிதான்.

நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. "அக்கா, ஒர்க்-ஸ்டடி என்று போட்டிருக்கிறது, விண்ணப்பிக்கலாமா?" என்று பருவம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். துறையின் சொந்தப் பணத்தில் சம்பளம் தரும் வளாக வேலைகளைத் தேடுங்கள். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். மேற்பார்வையாளர் மணிக்கணக்கை நாள் மாற்றி எழுதச் சொன்னால், நல்லவர்தானே சொல்கிறார் என்று தலையாட்டாதீர்கள். உங்களுக்கு அதில் விசாவே போகும் ஆபத்து இருக்கிறது.

இங்கேயே குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றுவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பி இந்த உதவியைக் கேட்கலாம். ஒர்க்-ஸ்டடியில் சம்பாதித்த தொகையைப் பின்னாளில் உதவியைக் கணக்கிடும்போது வருமானமாகச் சேர்க்க மாட்டார்கள், அதனால் வெளிவேலையை விட இது எத்தனையோ மேல். தகுதி இருந்தும் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடும் பெற்றோர் நம்மவர்களில் நிறையப் பேர்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு மாற்றம் கொண்டுவந்திருக்கிறோம். வேலையில் சேரும் முதல் நாளே மாணவரின் வகுப்பு அட்டவணையும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் ஒரே தாளில் மேற்பார்வையாளர் கைக்குப் போகின்றன. அதைப் படித்ததாக அவர்தான் முதலில் கையெழுத்திட வேண்டும், மாணவர் பிறகு. இரண்டு துறைத் தலைவர்கள் இது தேவையில்லாத வேலை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அந்த 48 டாலர் கதையை அவர்களுக்கும் சொன்னேன். ஒருவர் கையெழுத்திட்டார். இன்னொருவருக்கு இந்தப் பருவம் ஒர்க்-ஸ்டடி மாணவர்களை நாங்கள் அனுப்பவில்லை.