நான்காவது வாக்கியம் பலிக்கவில்லை

ஏதாவது ஒரு கொடுமை செய்தியாக வந்தால் போதும், மறுநாளே யாராவது மில்கிராம் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "மேலிடம் சொன்னால் 65 சதவீதம் பேர் எதையும் செய்வார்கள்" என்று ஒரு வரி. கீழே "மனிதன் வெறும் ஆட்டு மந்தை" என்று நாலு பேர் ஆமாம் போடுவார்கள். இந்த வாசிப்பு அரைகுறை என்பது என் கட்சி.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய ஆய்வு அது. நினைவாற்றல் பற்றிய சோதனை என்று சொல்லி ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர் கேள்வி கேட்க வேண்டும். அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டிவைக்கப்பட்டவர் தப்பாகச் சொன்னால் சுவிட்சைத் தட்டி அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். மொத்தம் 30 சுவிட்சுகள், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. உள்ளே இருந்தவர் செட்டப் செய்த ஆள், மின்சாரமும் பாயவில்லை. சுவிட்ச் தட்டுகிறவர் தயங்கினால் தொடரச் சொல்ல ஆய்வாளர் ஒருவர் அதே அறையில் இருந்தார். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். அந்த 65 இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் ஈவு இரக்கமில்லாமல் தட்டிக்கொண்டே போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வியர்த்துக் கொட்டியிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. அந்த 40 பேரில் 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு. மந்தை ஆடு இப்படித் தவிக்காது.

மில்கிராம் இதையே பல விதமாக மாற்றிச் செய்து பார்த்தார். பகிர்பவர்கள் விட்டுவிடுகிற பகுதி இதுதான். ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போய்த் தொலைபேசியில் சொன்னபோது, கடைசி வரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் (அவர்களும் செட்டப்தான்) "எங்களால் முடியாது" என்று எழுந்தபோது 40-இல் 4 பேர். இரண்டு ஆய்வாளர்கள் "தொடருங்கள்", "நிறுத்துங்கள்" என்று எதிரெதிராகப் பேசியபோது ஒருவர்கூடத் தொடரவில்லை. அதே மாதிரி மனிதர்கள்தான், சூழல்தான் வேறு.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. சுவிட்சை வேறொருவர் தட்ட, நாம் பக்கத்தில் இருந்து துணை வேலை மட்டும் செய்தால்? 40-இல் 37 பேர் கடைசி வரை கூடவே இருந்தார்கள். என்னைக் கேட்டால் 65-ஐவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். பெரிய கொடுமைகளில் பெரும்பாலானவர்களின் கை சுவிட்சில் இருப்பதில்லை. கையெழுத்து, முத்திரை, கணக்கு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நான்கு வாக்கியங்கள். தயங்குகிறவரிடம் ஆய்வாளர் வரிசையாகச் சொல்ல வேண்டியவை. "தயவுசெய்து தொடருங்கள்" என்று பணிவாகத் தொடங்கி, "ஆய்வுக்கு இது தேவை" என்று போய், நான்காவதில் "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்று முடியும். (ஆய்வாளர் இந்த நான்கோடு நிற்கவில்லை, இன்னும் வற்புறுத்தினார் என்று பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்ட உளவியலாளர் ஜினா பெர்ரி பிறகு எழுதினார். அது தனிச் சண்டை.) உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட மறு ஆய்வில் இந்த நான்காவது வாக்கியம் வரை போனவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. அப்பட்டமான கட்டளை இது ஒன்றுதான், அதுவே பலிக்கவில்லை. அறிவியலுக்கு உதவுகிறோம், நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்புதான் அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று ஹஸ்லாம், ரெய்ஷர் போன்ற உளவியலாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மிரட்டுகிற அதிகாரியை அடையாளம் கண்டுகொள்ளலாம். "நாட்டுக்காக", "நிறுவனத்துக்காக" என்று தோளில் கை போடுகிறவரிடம்தான் ஏமாந்துபோகிறோம்.

ஆய்வுக்கூடம் ஒரு நாடக மேடைதானே என்பவர்களுக்கு மருத்துவமனையில் நடந்த இரண்டு ஆய்வுகள். 1966-இல் மனநல மருத்துவர் ஹோஃப்லிங்கின் குழு வெளியிட்டது முதலாவது. முன்பின் தெரியாத டாக்டர் ஒருவர் போனில் அழைத்து, பழக்கமில்லாத ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். புட்டியிலேயே அதிகபட்சம் 10 என்று போட்டிருக்கிறது. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். 1977-இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் இதைத் திரும்பச் செய்தபோது, மருந்து நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்தது, பக்கத்தில் சக நர்ஸ்களிடம் கேட்கவும் வழி இருந்தது. கொடுக்கத் துணிந்தவர்கள் 18-இல் 2 பேர். மற்றவர்களில் பலர் டாக்டரை எதிர்த்து முழங்கவெல்லாம் இல்லை, இந்த அளவு சரிதானா என்று யாரையாவது கேட்டுப் பார்க்கத்தான் முயன்றார்கள்.