ஒரு யூனிட் கரண்ட் யார் கைக்குப் போகிறது?

ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்க, ஆளுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று கேட்பார்கள். ஓரளவு சரிதான். கரண்டே இல்லாத இடத்தில் தடுப்பூசியைக் கெடாமல் வைக்க முடியாது, ராத்திரியில் பிரசவம் பார்ப்பதும் பெரும்பாடு. முதல் சில நூறு யூனிட் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும். அதற்கப்புறம் இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மின்சாரம் எத்தனை விதமான வேலைகளுக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 70 சதவீதம் செம்பு. மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நீர்மின்சாரம். நாட்டில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி சுரங்கங்களுக்கே போகிறது. பூமிக்கடியில் அவ்வளவு செம்பு இருந்தும் 2020-இல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். 2024-இல் மழையும் பொய்த்தது. கொள்ளளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரியான கரீபாவில் டர்பைன் சுற்ற வேண்டிய தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. நாளின் பெரும்பகுதி கரண்ட் இல்லை.

இப்படி ஒரு நேரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். நடுராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து ஓடி, பாதியில் நின்ற இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைப்பார். நாலு கம்பி முடிவதற்குள் மறுபடி போய்விடும். சுரங்கக் கம்பெனி பக்கத்து நாட்டிலிருந்து மின்சாரம் வாங்கிக்கொள்ளும், வாங்கவும் செய்தது. பட்டறைக்காரர் எங்கே போவார்? எனக்கு இதுதான் மனசை அறுக்கிறது. கேட், ஜன்னல், கலப்பை, வண்டி ரிப்பேர் என்று நாளைக்குப் பத்துத் தொழிலாக வளரக்கூடியது அந்தப் பட்டறைதான்.

ஒரே சரக்கை நம்பி மற்ற தொழில்களை வாட விடுவது ஏழை நாட்டுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. நெதர்லாந்தில் 1959-இல் கிரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. எரிவாயு விற்ற பணம் உள்ளே வர வர அவர்கள் நாணயத்தின் மதிப்பு ஏறியது. அதனால் அவர்களுடைய மற்ற தொழிற்சாலைச் சரக்குகள் வெளிநாட்டில் விலை கூடி, விற்பனை படுத்தது. ‘டச்சு நோய்’ என்று பொருளாதாரத்தில் பேரே வைத்துவிட்டார்கள். நார்வே மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியாகச் சேர்த்தது உண்மைதான். ஆனால் 1969-இல் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அங்கே கப்பல், மீன், அலுமினியம், காகிதம் எல்லாம் இருந்தன.

டென்மார்க் கதை இன்னும் பிடிக்கும். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அவர்களுடைய எரிசக்தியில் சுமார் 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய். அப்புறம் வீடுகளின் சுவர் வழியே வெப்பம் வீணாகாமல் அடைத்தார்கள், மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தைக் குழாயில் வீடுகளுக்கு அனுப்பினார்கள், காற்றாலை செய்யக் கற்றார்கள். பொருளாதாரம் பெருகியது, எரிசக்திச் செலவு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக ஏறவில்லை. காற்றாலையே ஒரு ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது.

அதனால், எந்த நாட்டு அரசாக இருந்தாலும் புது மின் நிலையம் திறக்கும்போது மெகாவாட்டோடு பேச்சை நிறுத்தக் கூடாது. அந்த லைனில் எத்தனை சின்னப் பட்டறைகளுக்கு இணைப்பு, பகலில் எத்தனை மணி நேரம் கரண்ட் என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும்.