முதல் பெண் ரப்பி யார்? ஒரு திருத்தம்

உலகின் முதல் பெண் ரப்பி (யூதச் சமயகுரு), 1972இல் அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற சேலி பிரிசாண்ட் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் அமெரிக்காவின் முதல் பெண் ரப்பி என்பது சரியே. ஆனால் அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1935 டிசம்பர் 27 அன்று, ஜெர்மனியின் ஓஃபன்பாக் நகரில் ரப்பி மாக்ஸ் டீனமான், பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸைத் தேர்வு செய்து ரப்பி பட்டம் அளித்துவிட்டார்.

பெண்கள் ரப்பி பதவி வகிக்கலாமா என்ற கேள்வியை 1930இல் தம் ஆய்வேட்டில் எடுத்துக்கொண்ட யோனாஸ், மரபைப் புறந்தள்ளாமல், யூதச் சமயச் சட்ட நூல்களைக் கொண்டே வகிக்கலாம் என்று நிறுவினார்; அவரைப் பற்றிப் பேசும்போது நாம் விட்டுவிடக் கூடாத செய்தி இதுவே என்பேன். நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்ட பிறகும் அவர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றின் தலைப்புகளைக் கொண்ட கையெழுத்துப் பட்டியல் இன்றும் இருக்கிறது. 1944இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அவரை அறிந்திருந்த சமூகமே பெரும்பாலும் அழிக்கப்பட்டதால், பல பத்தாண்டுகள் அவர் பெயர் வெளியே தெரியவில்லை.

ஐயம் உள்ளவர்கள் யூதப் பெண்கள் ஆவணகத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருவரின் பதிவுகளையும் திறந்து, பட்டம் பெற்ற ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். யோனாஸின் மூல ஆவணங்கள் பெர்லினின் சென்ட்ரும் யூதாயிகும் காப்பகத்தில் உள்ளன.