"கடிதம் அனுப்பிவிட்டோம்" என்றால் போதுமா?

சிக்னலில் பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது. முன்னால் நின்ற காரில் இடித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் அங்கிருந்தே நிறுவனத்துக்குப் போன் போட்டு பாலிசி எண்ணைச் சொன்னேன். "சார், இந்த பாலிசி 17 நாளுக்கு முன்னாடியே ரத்தாகிடுச்சே" என்றார் போனை எடுத்த பெண். கை நடுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். என் கார்டு காலாவதியாகி, ஒரு மாதத் தவணை பிடித்தம் ஆகவில்லை. உடனே ரத்து. கேட்டால், கடிதம் அனுப்பினார்களாம். புதுப்பிக்கும் நேரம் வந்தால் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், போன் என்று விடாமல் துரத்துகிறவர்களுக்கு, பாதுகாப்பையே பறிக்கும்போது மட்டும் ஒரே ஒரு கடிதம் போதுமா? எனக்கு ஆறவே இல்லை.

ரத்துக் கடிதத்தின் நகலையும் அனுப்பியதற்கான அத்தாட்சியையும் எழுத்தில் கேட்டு வாங்கினேன். கடிதத்தில் என் பழைய வீட்டு முகவரி! முந்தைய மாத ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் புது முகவரி சரியாக இருக்கிறது. இரண்டும் ஒரே நிறுவனம் அனுப்பியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறேன்.

பல இடங்களில் சட்டப்படி அனுப்பியதை நிரூபித்தாலே போதும், நம் கைக்கு வந்து சேர வேண்டியதில்லை. அதனால் "எனக்கு வரவில்லை" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். எந்தத் தேதி, எந்த முகவரி, சட்டம் சொல்லும் அவகாசம் தரப்பட்டதா என்று கேளுங்கள். கார் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவருக்கும் ரத்துத் தகவல் போனதா என்று விசாரியுங்கள். ரத்துக்குப் பிறகும் பணம் பிடித்திருக்கிறார்களா என்று வங்கிக் கணக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால் உங்கள் வாதத்துக்கு அது பெரிய பலம்.

இன்னொன்று. பாலிசியை மீண்டும் உயிர்ப்பிக்கலாம் என்று ஒரு படிவம் நீட்டுவார்கள். "இடைப்பட்ட நாளில் விபத்து எதுவும் நடக்கவில்லை" என்று ஒரு வரி அதில் இருக்கக்கூடும். எனக்கு வந்ததில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அது பொய் வாக்குமூலம், மோசடி வழக்காகவே மாறலாம். நான் போடவில்லை.

புகாருக்கு இன்னும் பதில் இல்லை. இடிபட்ட காரின் உரிமையாளர் நேற்றும் கூப்பிட்டார். கோபப்படாமல், "எப்போ சார் சரியாகும்?" என்றுதான் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.