சமையல்காரரை நீக்கிவிட்டீர்களாம். ஒப்பந்தத்தை?

விடுதி மெஸ் சாப்பாடு கெட்டுப்போன விவகாரத்தில் பல்கலைக்கழகம் விட்டு, நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்கிற அந்தச் சுற்றறிக்கையை நானும் படித்தேன். ‘சம்பந்தப்பட்ட சமையல்காரர் நீக்கப்பட்டார். உணவு ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. விருப்பமில்லாதவர்கள் மெஸ்ஸில் சாப்பிடாமல் இருக்கலாம்.’ மூன்றே வரி. மூன்றாவது வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

மெஸ் கெடுவது அடுப்பில் இல்லை, ஒப்பந்தத் தாளில். உடனே ‘நிறுவனத்துக்கு வக்காலத்தா?’ என்று கிளம்பி வராதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

மாதத் தொகை முறை என்றால் 1,000 பேர் முன்பணம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 700 பேர்தான் சாப்பிட வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நிறுவனம் விலை குறிக்கும். வராத 300 தட்டில்தான் அதன் லாபம். சமையல் நன்றாக அமைந்து 850 பேர் வந்துவிட்டால் 150 தட்டு கைநஷ்டம். ருசியாகச் சமைத்தால் அபராதம், சுமாராகச் சமைத்தால் பரிசு. இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தரம் எங்கே என்று தேடுகிறார்கள்.

இன்னொரு முறையில் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கும், நிறுவனத்துக்கு நிர்வாகக் கட்டணம் தனி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மொத்தக் கொள்முதலுக்குச் சப்ளையர் பிறகு தருகிற தள்ளுபடி பில்லில் வராது, நிறுவனத்தின் பைக்குள் போய்விடும். 2010-ல் நியூயார்க்கில் இந்தத் தள்ளுபடி விவகாரத்தில்தான் சொடெக்ஸோ என்கிற உணவு ஒப்பந்த நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்ட பட்டியலில் பள்ளிகளோடு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் இருந்தது. தள்ளுபடி எல்லாம் பல்கலைக்கழகக் கணக்கில் சேரும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? அசல் பில்லைத் தணிக்கை செய்ய உரிமை?

‘பிடிக்கவில்லையென்றால் நிறுவனத்தை மாற்றிவிட்டால் போச்சு’ என்கிறார்கள். அந்தப் பளபளக்கிற சமையல்கூடத்துக்கு நிறுவனம் பணம் போட்டிருந்தால் அது நன்கொடை இல்லை. 10 ஆண்டில் கழித்துக்கொள்வதாகப் பேசிவிட்டு நான்கே ஆண்டில் வெளியேற்றினால், மீதி 60 விழுக்காட்டை எண்ணி வைத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும். திறப்பு விழாப் படத்தில் இந்த வரி இருக்காது.

சரி, அந்தச் சமையல்காரர். மிஞ்சிய சூடான உணவு 60 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்தில். ஆழமான அண்டாவில் மூடி வைத்தால் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கும், அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். ஆகவே இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பிக் குளிரூட்ட வேண்டும். அதற்குத் தட்டு வேண்டும், குளிர்பெட்டியில் இடம் வேண்டும், ராத்திரி நின்று பார்க்க ஆள் வேண்டும். குறைந்த விலை போட்டு டெண்டர் எடுத்தவர் முதலில் வெட்டுவது ஆளைத்தான். ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் எண் போட்டீர்களா? மூன்று பேர் வேலையை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, அந்த ஒருவரையும் அனுப்பியாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததாம்!

‘பல்கலைக்கழகமே நடத்தியபோது மட்டும் என்ன வாழ்ந்தது?’ வாழவில்லைதான். திருட்டு இருந்தது, அலட்சியம் இருந்தது. ஆனால் தட்டை எடுத்துப்போய் நீட்ட ஒரு வார்டன் அறை இருந்தது. இப்போது இருப்பது பதில் வராத ஒரு மின்னஞ்சல் முகவரி.

‘எங்கள் வேலை கல்வி, சமையல் இல்லை.’ சமையலை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வாரம் ஒருநாள் போய், பரிமாறுகிற பாத்திரத்தில் தெர்மாமீட்டரைக் குத்தி 60-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க முனைவர் பட்டம் வேண்டுமா? முனைவர்கள் நிறைந்த இடம்தானே அது?

இப்போது அந்த மூன்றாவது வரி. சாப்பிடாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று அதில் எங்கேயும் இல்லை. இனி 700 பேர் 500 ஆவார்கள். மிச்சமாகும் 200 தட்டு யாருக்கு லாபம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.