எந்த நாட்டுப் பிள்ளைகா நீ?

2024 மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் சுவிஸிலிருந்து வந்திருந்தது. ஆகஸ்ட் 1, பின்னேரம். கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்து மணலில் இருந்து மருமகள் ஒரு காகித விளக்குக் கூட்டை விரித்துக்கொண்டிருந்தாள். மடித்தால் தட்டை, விரித்தால் உருண்டை. சிவப்பில் வெள்ளைச் சிலுவை. அன்று சுவிஸின் தேசிய தினம். இருட்டியதும் அங்கே பிள்ளைகள் இப்படிக் கூடு ஏந்திப் போவார்கள், மலைகளில் நம்முடைய சொக்கப்பனை போலத் தீ மூட்டுவார்கள். அதை இங்கேயும் செய்ய வேண்டும் என்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

கச்சான் காற்று விடவில்லை. மூன்று தரம் மெழுகுதிரி அணைந்தது. அம்மா குசினியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துவந்து, மெழுகை உருக்கி அதற்குள் ஊற்றித் திரியை நட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு நின்று எரிந்தது.

வேலிக்கு அங்கால் நின்ற மாமி கேட்டார்: "எந்த நாட்டுப் பிள்ளைகா நீ? நம்மட நாடா, சுவிஸா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரெண்டும்" என்றாள். "அதெப்படி, ஒண்டத்தானே சொல்லணும்" என்றார் மாமி. பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

மாமி பாசத்தில்தான் கேட்டார், அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்பதை நாங்கள் நிறுத்த வேண்டும். தாய்வீட்டுக்கு ஒரு பங்கு, மாமியார் வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிக்க நாடு காணித்துண்டு இல்லை. அங்கே ஒரு பிடி அன்பு கூடினால் இங்கே ஒரு பிடி குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

மில்லர் பாதரை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைத் துறவி. நாடு சுதந்திரமடைந்த அதே 1948இல் மட்டக்களப்புக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரியில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். ஊர் கலங்கிய காலத்திலும் விட்டுப் போகவில்லை. 2019இல் இங்கேதான் கண்ணை மூடினார். "எந்த நாட்டு ஆள் நீங்கள்?" என்று அவரை நிறுத்தி வைத்து யாராவது கேட்டோமா? எங்கள் பாதர் என்றோம், அவ்வளவுதான். அதே இடத்தை அக்காவின் பிள்ளைக்கு சுவிஸில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது சந்தோஷம்.

அப்புறம், பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம். இதை எழுதத்தான் கை தயங்குகிறது. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்த நாளுக்கு முதல் நாள் ஆட்கள் வந்து, கொடி கட்டச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா காலையில் கட்டுவார், பின்னேரம் அவிழ்த்து நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். அந்தக் கொடியில் தமிழருக்கென்று ஒரு செம்மஞ்சள் கோடு இருக்கிறது, முஸ்லிம்களுக்கென்று ஒரு பச்சைக் கோடு இருக்கிறது. அவர் கட்டியது அந்தக் கோட்டுக்காக இல்லை, பயத்தில். அதே நாளைக் கரிநாள் என்று கறுப்புக் கொடி பிடிக்கிறவர்களும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். காணாமல் போன மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாயிடம் போய், இன்று சுதந்திர தினம், சந்தோஷமாக இருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் 2016 நினைவிருக்கிறதா? கொழும்பு காலிமுகத்திடலில் அரச சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. புலவர் நல்லதம்பி மொழிபெயர்த்த அதே "ஸ்ரீ லங்கா தாயே", நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடிய அதே வரிகள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, முழங்கால் வலியோடு கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை. பயந்து கொடி கட்டிய அதே மனிதர்! நான்கு வருடம் கழித்து, 2020 விழாவில் தமிழில் பாடவில்லை. அன்று அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

சுவிஸில் நாலு தேசிய மொழிகள். அதில் ரொமான்ஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. அவர்களுடைய மொழியிலும் தேசிய கீதம் இருக்கிறது. மருமகள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள், அங்கே அது பெரிய விஷயமே இல்லை என்பதுபோல. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கடவுச்சீட்டு. எனக்குப் போவதற்கு வேறு நாடு இல்லை, வேண்டவும் வேண்டாம். இந்தக் களப்பும் இந்த மணலும் எனக்குப் போதும். அப்பா எழும்பி நின்றாரே, அப்படி ஒவ்வொரு பெப்ரவரி 4லும் நிற்க எனக்கு ஆசை. அந்த ஆசைக்கு ஒரு பாட்டு எந்த வருடமும் தவறாமல் இரண்டு மொழியில் வந்தாலே பாதி வழி வந்துவிடும். மீதி வழிக்கு அந்தத் தாய்மாருக்குப் பதில் வேண்டும்.

போகிற அன்று மருமகள் கூட்டைத் தட்டையாக மடித்து, அடுத்த முறைக்கு வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா லாச்சியைத் திறந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கொடி உள்ளேதான் கிடக்கிறது. பிள்ளை அதைத் தூக்கி விரித்துப் பார்த்தாள்.

"மாமா, இத ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

வான் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தது. அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் என்றேன்.