பைக் பார்ட்ஸ் விற்கிறவர்களுக்கு பைக் தெரிய வேண்டாமா?

முன்பெல்லாம் ஆன்லைன் பார்ட்ஸ் கடையில் மாடலையும் வருடத்தையும் கொடுத்தால், இன்ஜினை அக்கக்காகப் பிரித்துப் போட்ட படம் வரும், அதில் துக்குணூண்டு ஓ-ரிங்குக்குக்கூடத் தனி பார்ட் நம்பர் இருக்கும். இப்போது தேடினால் மொபைல் ஹோல்டரும் ஸ்டிக்கரும்தான் முதலில் வந்து நிற்கின்றன.

520 சைஸ் செயின் கேட்டேன், 525 வந்தது. இரண்டுக்கும் பிட்ச், அதாவது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், ஒன்றுதான், 15.875 மி.மீ., ஆனால் உள் அகலம் வேறு. 525 செயினை 520-க்கான ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) மாட்டினால் பக்கவாட்டில் ஆடும். இதை எழுதிக் கேட்டால் "ரெண்டும் செட்டாகும் சார்" என்று பதில். ஆகாது!

சரி, மாற்றிக் கொடுங்கள் என்றேன். பத்து நாள் கழித்து "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். அப்புறம் எதற்கு இருப்பதாகப் போட்டுப் பணம் வாங்கினீர்கள்? வண்டி செயின் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.